திங்கள்சந்தை சலூன்: சவரம் நன்று, காத்திருப்பு நீளம்

முதலில் குறைகளைச் சொல்லிவிடுகிறேன். மின்வாரியத்தில் 34 ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எங்கே போனாலும் பழுது எங்கே இருக்கிறது என்றுதான் கண் முதலில் தேடும்.

மின்விசிறி ஒன்றே ஒன்று. சுற்றுவதைவிட முனகுவது அதிகம். பேரிங் போய்விட்டது என்று நான் மூன்று முறை சொல்லியாயிற்று. சுவரில் இரண்டு கண்ணாடிகள், இரண்டும் ஓரத்தில் ரசம் உரிந்தவை. இடதுபக்க நாற்காலியின் தலைச்சாய்ப்பு தானாகவே ஒரு பல் கீழே இறங்கும். கத்தி தொண்டையில் இருக்கும்போது அது இறங்கினால் உயிரும் கூடவே ஒரு பல் இறங்கிவிடும். பவுடரில் மல்லிகை மணம் தூக்கல். வீட்டுக்குள் நுழைந்ததும் பேத்தி, "தாத்தா கல்யாணத்துக்கா போனீர்கள்?" என்று கேட்கிறாள். முடிவெட்ட 120 ரூபாய், சவரத்துக்கு 60, இரண்டையும் சேர்த்துச் செய்தால் பத்து ரூபாய் குறைத்து 170. விலையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. காத்திருப்புதான் பெரிய குறை. வேறு கடையில் அரை மணியில் முடிகிற வேலைக்கு இங்கே ஒன்றரை மணி நேரம் ஆகும். யாராவது ஏதாவது முக்கியமாகச் சொல்ல ஆரம்பித்தால் கடைக்காரர் கத்தரியை நிறுத்திவிட்டுக் கேட்பார். சொல்கிறவர் முடிக்கும்வரை உங்கள் தலை பாதி அறுத்த வயல்போலக் கிடக்க வேண்டியதுதான்.

இத்தனைக்குப் பிறகும் ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன்.

கடை கன்னியாகுமரி மாவட்டம் திங்கள்சந்தையில், சந்தைக்குப் பின்னால், ஓடு போட்ட ஒற்றை அறை. பெயர்ப்பலகை கிடையாது, நானும் பெயர் எழுதப் போவதில்லை. அவரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "பெயர் போட்டால் எவனாவது வந்து வீடியோ எடுப்பான் அண்ணாச்சி. பிறகு இங்கே யாரும் பக்கத்து நாற்காலிக்காரனிடம் பேச மாட்டார்கள், கேமராவிடம்தான் பேசுவார்கள்." அதனால் அவரைக் கடைக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். வயது 58. அவருடைய தம்பி மகன் இரண்டாவது நாற்காலியைப் பார்த்துக்கொள்கிறான்.

நம் ஊர்ச் சலூன்களிலும் டீக்கடைகளிலும் "இங்கு அரசியல் பேசாதீர்கள்" என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். இந்தக் கடையில் அது இருந்த இடத்தில் இப்போது நான்கு ஆணித் துளைகள்தான் இருக்கின்றன. 2019 தேர்தலின்போது கழற்றிவிட்டார். ஏன் என்று கேட்டேன். "பலகை இருந்தபோது மட்டும் பேசாமலா இருந்தார்கள்? மெதுவாகப் பேசினார்கள். அவரவர் ஆள் உள்ளே இருக்கிறானா என்று பார்த்துக்கொண்டு பேசினார்கள். எதிராளி உள்ளே வந்ததும் மழையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். சத்தம் போடுகிறவனைப் பார்த்துப் பயம் வராது அண்ணாச்சி, அந்த மழைப் பேச்சைக் கேட்டால்தான் பயமாக இருக்கும்."

நம் மாவட்டத்தில் இது சின்ன விஷயம் இல்லை. 2011 கணக்கெடுப்பில் இங்கே எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். இந்துக்களும் கிறிஸ்தவர்களும் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி, முஸ்லிம்கள் நான்கு சதவீதம் சொச்சம். ஒரே தறவாட்டுப் பிள்ளைகளில் ஒருவர் கோயிலுக்கும் ஒருவர் ஆலயத்துக்கும் போகிற வீடுகள் எத்தனையோ. படித்தவர்கள் நிறைந்த ஊரில் சண்டை குறையும் என்று யாராவது நினைத்தால், எங்கள் வாட்ஸ்அப் குழுக்களைப் பார்த்தவர் இல்லை. வந்த செய்தியை மூன்று நொடியில் வாசித்து நாற்பது பேருக்கு அனுப்பிவிடும் அளவுக்கு நாங்கள் எல்லோரும் படித்தவர்கள்.

கடையின் அமைப்பைச் சொல்ல வேண்டும். இரண்டு நாற்காலிகளும் பக்கத்தில் பக்கத்தில், சுவரைப் பார்த்து இருக்கின்றன. அதில் உட்கார்ந்தால் பக்கத்து ஆளைத் திரும்பிப் பார்க்க முடியாது. திரும்பினால் காது போகும். கண்ணாடியில்தான் பார்க்கலாம். எதிராளியைப் பார்க்கும்போதெல்லாம் பக்கத்தில் உங்கள் முகமும் தெரியும், அதுவும் நுரை பூசி, கழுத்தில் துணி கட்டி, கையெல்லாம் உள்ளே மறைந்து, தொட்டில் பிள்ளை மாதிரி. அந்தக் கோலத்தில் ஒருவனைப் பார்த்து "துரோகி" என்று சொல்ல நாக்கு வராது. நான் முயன்று பார்த்திருக்கிறேன்.

நான் சாமிதோப்புக்குப் போகிறவன். அங்கே அய்யா வைகுண்டரின் பதியில், அதாவது வழிபாட்டுத் தலத்தில், தலைப்பாகை கட்டிக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால்தான் நின்று வணங்குவோம். தலையில் துண்டு கட்ட உரிமை இல்லாதிருந்த மக்களைத் தலைப்பாகை கட்டவைத்து, உன்னையே பார் என்று கண்ணாடி முன் நிறுத்தினார். எல்லாச் சாதியும் ஒன்றாய் நீர் எடுக்க முத்திரிக் கிணறு என்று ஒரு கிணறும் வைத்தார். சலூன் கண்ணாடியையும் பதியையும் ஒன்றாகச் சொன்னால் என் மனைவி கோபப்படுவாள். ஆனால் ஒவ்வொரு முறையும் எனக்கு அந்த நினைவு வந்துவிடுகிறது.

சவரத்தைப் பற்றி எழுதாவிட்டால் இது மதிப்புரையே இல்லை. கிண்ணத்தில் பிரஷைச் சுழற்றி, கன்னத்தில் வட்டம் வட்டமாகப் பூசுவார், அவசரமே கிடையாது. பிறகு புது பிளேடு ஒன்றைக் காகிதத்தோடு நடுவில் ஒடிப்பார். 'டிக்' என்று ஒரு சத்தம். ஒரு பாதி அவர் கத்தியில் போகும், மறுபாதி தம்பி மகன் கத்தியில் போகும். ஒருவருக்குப் போட்ட பாதியை அடுத்தவருக்குப் போடமாட்டார், குப்பையில்தான். அதாவது, பக்கத்தில் இருக்கும் ஆளை உங்களுக்கு எவ்வளவு பிடிக்காவிட்டாலும், அவர் கழுத்தில் ஓடுவதும் உங்கள் கழுத்தில் ஓடுவதும் ஒரே பிளேடின் இரண்டு பாதிகள். முடிந்ததும் படிகாரக் கல்லை ஈரமாக்கி ஒரு தடவல். எரியும். அந்த எரிச்சலில் ஒரு நிமிடம் யாரும் பேசமாட்டார்கள். பேச்சு சூடாகும்போது அவர் வேண்டுமென்றே படிகாரத்தைச் சீக்கிரம் எடுக்கிறாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

போன வருடம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இடது நாற்காலியில் மணவாளக்குறிச்சி மணல் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர். வலதில் கடற்கரை ஊரைச் சேர்ந்த வள்ளக்காரர். பெஞ்சில் நான். பேச்சு கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்தைப் பற்றி. 2024-இல் கருத்துக் கேட்புக் கூட்டம் அறிவித்து, எதிர்ப்பால் அது தள்ளிப்போன கதை உங்களுக்குத் தெரியும்.

ஆலைக்காரர் வரலாற்றிலிருந்து ஆரம்பித்தார். 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், நம் ஊரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து மோனசைட்டைக் கண்டுபிடித்தது, அந்தக் காலத்தில் காஸ் விளக்கின் மேண்டிலுக்கு இதிலிருந்துதான் தோரியம் எடுத்தது எல்லாவற்றையும் சொன்னார். நன்றாகவே சொன்னார். கடைசியில், "31 வருடம் அந்த மணலில் கை வைத்தவன் நான். இதோ, உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்" என்று முடித்தார்.

வள்ளக்காரர் கண்ணாடியில் அவரைப் பார்த்து, "நீர் இருக்கிறீர் ஓய். என் அண்ணன் இல்லை" என்றார்.

மின்விசிறி முனகியது. ஆலைக்காரர் உடனே, மணலில் கதிர்வீச்சு இயற்கையாகவே இருக்கிறது, எடுத்தால் குறையத்தானே செய்யும் என்று அடுத்த வாதத்துக்குப் போனார். கடைக்காரர் கத்தியை அவர் கன்னத்திலிருந்து எடுத்துவிட்டார்.

"அண்ணாச்சி, அவர் இப்போது என்ன சொன்னார்?"

"திட்டம் வேண்டாம் என்கிறார்."

"அதையா சொன்னார்?"

ஆலைக்காரர் கண்ணாடியைப் பார்த்தார். நுரை ஒரு கன்னத்தில் காய்ந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "அவர் அண்ணன் இல்லை என்றார்" என்றார். பிறகு வள்ளக்காரரிடம், "எப்போது? எனக்குத் தெரியாதே" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு அரை மணி நேரம் திருவனந்தபுரம் புற்றுநோய் ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேசினார்கள். விடியற்காலைப் பஸ், டோக்கன் வரிசை, துணைக்குப் போனவர்கள் படுத்த திண்ணை. ஆலைக்காரரின் அக்காவும் அதே ஆஸ்பத்திரியில்தான் இருந்திருக்கிறார். மணல் எடுக்கலாமா கூடாதா என்பதில் இருவரும் ஓர் அங்குலம்கூட நகரவில்லை, இன்றுவரை நகரவில்லை. ஆலைக்காரர் மட்டும் அந்த "இதோ உட்கார்ந்திருக்கிறேன்" என்ற வசனத்தை அதற்குப் பிறகு சொல்லி நான் கேட்டதில்லை.

மின்சாரத்தில் எர்த் என்று ஒன்று உண்டு, கசிகிற மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிவிடும் கம்பி. விளக்கு எரிவதற்கு அது வேண்டாம். எல்லாம் ஒழுங்காக இருக்கும்வரை அது எதற்கு என்றே தெரியாது. எங்காவது கசிந்தால்தான் தெரியும், அது இருந்ததா இல்லையா என்று. இந்த மனிதரை நான் அப்படித்தான் பார்க்கிறேன். அவர் நடுவர் இல்லை, அவருக்கும் ஒரு கட்சி உண்டு. அது எது என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன்.

இரண்டு சட்டங்கள் வைத்திருக்கிறார். எழுதி ஒட்டவில்லை, வந்து பழகினால் தெரியும்.

ஒன்று, எதிர்க்கட்சியைத் திட்டுவதற்கு முன் உங்கள் கட்சியின் குற்றம் ஒன்றைச் சொல்ல வேண்டும். உண்மையான குற்றமாக இருக்க வேண்டும். "எங்கள் ஆட்கள் ரொம்ப நல்லவர்கள், அதுதான் குற்றம்" என்பதெல்லாம் செல்லாது. ஒரு கல்லூரிப் பையன் வந்து, எங்கள் கட்சியில் குற்றமே கிடையாது என்று சாதித்தான். "சரி மக்களே, அப்படியானால் உனக்கு முடிவெட்டு மட்டும்தான், பேச்சு கிடையாது" என்றார். அப்போது பெஞ்சில் ஓர் ஓய்வுபெற்ற வாத்தியார் இருந்தார். பேப்பரை மடித்து வைத்துவிட்டு அவர் ஆரம்பித்தார்.

"1954 ஆகஸ்ட் 11. மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று போராடியவர்களைச் சுட்டது. அன்றைக்குத் திருவிதாங்கூர்–கொச்சியில் பட்டம் தாணுபிள்ளை முதலமைச்சர், பிரஜா சோசலிஸ்ட் கட்சி ஆட்சி. அதே கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா. அவர் என்ன செய்தார் தெரியுமா? சுட்டது நம் ஆட்சி, ஆகவே நம் ஆட்சி பதவி விலக வேண்டும் என்றார்."

பையன், "விலகினார்களா?" என்று கேட்டான்.

"எங்கே விலகினார்கள்? லோகியாவுக்குத்தான் கட்சிக்குள் கஷ்டம். ஆனால் பார், 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் இந்தப் பக்கம் வந்தாயிற்று. அந்தப் போராட்டத்தை நடத்திய நேசமணி பெயரை நீ சொல்வாய், அது சரி. சுட்டவன் கட்சியிலேயே இருந்துகொண்டு சுட்டது தவறு என்று சொன்னவன் பெயரையும் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்."

அடுத்த மாதம் அந்தப் பையன் வந்தபோது, தன் கட்சியின் குற்றங்களை அலைபேசியில் வரிசையாக எழுதிக்கொண்டு வந்திருந்தான். ஏழு இருந்தது. ஒன்று போதும் என்று சொல்லியும் ஏழையும் வாசித்துவிட்டுத்தான் விட்டான். அன்றைக்கு எனக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று.

இரண்டாவது சட்டம்தான் என் பையிலிருந்து காசு எடுத்தது. "உங்கள் ஆட்கள்" என்று யாரும் சொல்லக்கூடாது. சொன்னால் பக்கத்து நாற்காலிக்காரருக்குச் சாயா வாங்கிக் கொடுக்க வேண்டும். யாரைச் சொல்கிறீரோ அவர் பெயரைச் சொல்லும், பெயர் தெரியாவிட்டால் சும்மா இரும் என்பது அவர் கணக்கு.

இதில் எனக்கு ஒரு சொந்தக் கதை இருக்கிறது. 2016 ஜூலையில் இனயத்தில் பன்னாட்டுச் சரக்குப் பெட்டகத் துறைமுகம் கட்ட மத்திய அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் கொடுத்தது. பிறகு இடம் மாறி, கன்னியாகுமரிக்குப் பக்கத்துக் கோவளம், கீழமணக்குடி என்றார்கள். கடற்கரை கொந்தளித்தது. நான் துறைமுகம் வேண்டும் என்ற பக்கம். என் மகன் வெளிநாட்டில் இருக்கிறான். இங்கே வேலை இருந்தால் போயிருப்பானா என்ற ஆதங்கம் எனக்கு. என் மச்சினன் வேண்டாம் என்ற பக்கம். மனைவியின் தம்பி. மனைவி வீட்டில் பாதிப்பேர் கிறிஸ்தவர்கள், அவனும்தான். அவன் கடலில் போகிறவன் இல்லை, பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவன். ஆனால் அவனிடம் படித்த பிள்ளைகள் கடற்கரைப் பிள்ளைகள். 2004 சுனாமியில் சிலரை இழந்தவன், 2017-இல் ஒக்கிப் புயல் முடிந்து திரும்பி வராதவர்களின் வீடுகளுக்குப் போய் உட்கார்ந்திருந்தவன்.

குடும்பக் குழுவில் ஓர் இரவு நான் ஒரே ஒரு வரி எழுதினேன். "உங்கள் ஆட்கள் எதையும் வரவிட மாட்டார்கள்." எழுதிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் அவன் குழுவிலிருந்து வெளியேறியிருந்தான். என் மகள் நிச்சயதார்த்தத்துக்கு வரவில்லை. அக்கா கையால் சாப்பிட்டு வளர்ந்தவன், அக்கா வீட்டு வாசலை நான்கு வருடம் மிதிக்கவில்லை. துறைமுகத்தைப் பற்றி நான் சொன்ன எதற்கும் அவன் கோபப்பட்டிருக்க மாட்டான் என்று இப்போது தெரிகிறது. அந்த இரண்டு சொல்தான். "உங்கள்" என்று சொல்லி, அவனை வீட்டுக்கு வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் இடது நாற்காலியில் இருக்கிறேன். பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தவன் முகத்தில் தம்பி மகன் நுரை பூசி முடித்த பிறகுதான் கண்ணாடியில் பார்க்கிறேன், மச்சினன். கடைக்காரர் ஏற்பாடு செய்ததா என்று பிறகு கேட்டேன். இல்லவே இல்லை என்று சத்தியம் செய்தார். நம்பவில்லை.

பத்து நிமிடம் யாரும் பேசவில்லை. என்னுடைய வேலை முடிகிற நேரம். அவன் கண்ணாடியைப் பார்த்தபடியே, "அத்தான், இடது கிருதா ஏறியிருக்கிறது" என்றான்.

"வலதுதான் ஏறியிருக்கிறது. கண்ணாடியில் மாறித் தெரியும்" என்றேன்.

"எனக்குக் கண்ணாடி தெரியாதா? இடதுதான்."

கடைக்காரர் நூலை எடுத்து அளந்து பார்த்தார். இடதுதான். கணக்கு வாத்தியாரிடம் தோற்றேன். துறைமுகத்தைப் பற்றியும் பேசினோம், அதே பழைய வாதங்கள்தான். நடுவில் பழக்கத்தில் எனக்கு "உங்கள் ஆட்கள்" வந்துவிட்டது. கத்தரி நின்றது. அபராதம். எதிர்க்கடையில் இரண்டு சாயா, 24 ரூபாய். குடித்துக்கொண்டிருக்கும்போது அவன் சொன்னான், "துறைமுகமே வரவில்லை அத்தான்." உண்மைதான். இனயத்திலும் வரவில்லை, கோவளத்திலும் வரவில்லை. பெரிய கப்பல்கள் கேரளத்து விழிஞ்ஞத்துக்குப் போகின்றன. வராத துறைமுகத்துக்காக நாங்கள் நான்கு வருடம் பேசாமல் இருந்திருக்கிறோம்.

இதையெல்லாம் வாசித்து இந்தக் கடையில் எப்போதும் தேனும் பாலும் ஓடும் என்று நினைத்துவிடாதீர்கள். 2024 ஏப்ரலில், வாக்குப்பதிவுக்கு நான்கு நாள் இருக்கும்போது, ஒருவர் பாதி சவரத்தில் எழுந்து போய்விட்டார். ஒரு கன்னம் வழுவழுப்பு, ஒரு கன்னத்தில் நுரை. கழுத்துத் துணியைக் கழற்றி நாற்காலியில் எறிந்துவிட்டு, அப்படியே சந்தைக்குள் நடந்தார். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கடைக்காரர் சிரிக்கவில்லை. அன்று மாலை ஆறு மணிக்கே கதவைப் பூட்டி, பெட்டியை சைக்கிளில் கட்டிக்கொண்டு அந்த மனிதர் வீட்டுக்குப் போனார். மறுநாள் நான் விசாரித்தேன்.

"அவர் பேசும்போது நான் கண்ணாடியில் சிரித்துவிட்டேன் அண்ணாச்சி. இலேசாகத்தான். அவர் பார்த்துவிட்டார். வாயைத் திறந்து நான் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் என் முகம் சொல்லிவிட்டது. அது என் தப்பு."

"வீட்டில் என்ன சொன்னார்?"

"ஒன்றும் சொல்லவில்லை. திண்ணையில் நாற்காலி போட்டார். மறுபாதியை எடுத்துவிட்டு வந்தேன். காசு கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். வாங்காமல் இருந்தால் அது வேறு அவமானம்."

அந்த சைக்கிள் பெட்டிக்கு ஒரு கதை இருக்கிறது. அது அவருடைய அப்பாவின் பெட்டி. 1982 மார்ச்சில், மண்டைக்காட்டில் மாசிக் கொடை நேரத்தில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே கலவரம் வெடித்தபோது கடைக்காரருக்கு 15 வயது. நாடு முழுக்கத் தெரிந்த கதைதான். துப்பாக்கிச் சூடு, எரிந்த வீடுகள், பிறகு நீதிபதி வேணுகோபால் ஆணையம். குன்றக்குடி அடிகளார் நேரில் வந்து இரண்டு பக்கத்தையும் உட்காரவைத்துப் பேசினார். அந்தப் பெரியவர் செய்த வேலையை இரண்டு பக்கத்து வயதானவர்களும் இன்றும் மரியாதையோடு சொல்வார்கள். கடைக்காரரின் அப்பாவுக்கு வேறொரு கவலை. கடற்கரையிலிருந்து வந்துகொண்டிருந்த வாடிக்கைக்காரர்கள் யாரும் சந்தைப்பக்கம் வரவில்லை. "கூட்டத்துக்குப் போனவர்களிடம் பெரியவர்கள் பேசிவிட்டார்கள். கூட்டத்துக்குப் போகாதவன் தாடி வளர்த்துக்கொண்டு வீட்டில் கிடக்கிறானே, அவனிடம் யார் பேசுவது?" என்றாராம். ஒரு காலையில் பெட்டியை சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பினார். வீட்டில் அழுதார்கள். முதல் நாள் ஒருவரும் கதவைத் திறக்கவில்லை. இரண்டாவது நாள் ஒரு கிழவர் மட்டும் திண்ணைக்கு வந்து உட்கார்ந்து கழுத்தைக் காட்டினார். "அந்த நேரத்தில் கத்தி வைத்திருக்கிறவனிடம் கழுத்தைக் காட்டினாரே, அவர்தான் பெரிய மனிதர். அப்பா சும்மா சவரம்தான் செய்தார்" என்கிறார் மகன்.

குறைப் பட்டியலில் ஒன்று விட்டுப்போயிற்று, அதையும் சேர்த்துவிடுகிறேன். இந்தக் கடையின் பெருமையை வீட்டில் நான் அளந்துகொண்டிருந்தபோது என் மனைவி அரிவாள்மனையில் மரச்சீனிக்கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல், "நான்கு வருடம் என் தம்பி வாசலுக்கு வராமல் இருந்தது உங்கள் இரண்டு பேர் சண்டை. அதைப் பேசித் தீர்த்த இடத்தில் எனக்கு உட்கார ஒரு பெஞ்சாவது உண்டா?" என்று கேட்டாள். இல்லை. ஆண்கள் மட்டும் போகிற இடம் அது. மாவட்டத்தின் பாதி வழக்கு அங்கே பேசப்படுகிறது, பாதி ஜனம் உள்ளே வரமுடியாது. ஒரு நட்சத்திரத்தைக் குறைத்ததற்கு மின்விசிறி காரணம் இல்லை, இதுதான் காரணம். கடைக்காரரிடம் சொன்னேன். கத்தரியை நிறுத்திவிட்டுக் கேட்டார். பதில் இன்னும் சொல்லவில்லை.

போகிறவர்களுக்குச் சில விவரங்கள். செவ்வாய் விடுமுறை. மற்ற நாட்களில் காலை ஏழரைக்குத் திறக்கிறார். திங்கட்கிழமை சந்தை நாள், கூட்டம் அதிகம், அன்றைக்குப் பேச்சும் கடலை விலை, தேங்காய் விலையோடு நின்றுவிடும். கூகுள் பே உண்டு, ஆனால் அபராதச் சாயாவுக்குச் சில்லறை கையில் வைத்திருங்கள், எதிர்க்கடைக்காரர் அதெல்லாம் வைத்துக்கொள்ளவில்லை. குழந்தைகளுக்கு முடிவெட்டத் தம்பி மகனிடம் கொடுங்கள், கை மென்மை. இடது நாற்காலி கிடைத்தால் தலைச்சாய்ப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை எட்டரை மணிக்கு வலது நாற்காலியில் ஒரு கணக்கு வாத்தியார் இருப்பார். அவரிடம் கண்ணாடியில் எது இடது எது வலது என்று மட்டும் வாதாடாதீர்கள், நூல் எடுத்துவிடுவார்கள்.